99.8 சதவீதம் என்ற எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்: அச்சிட்ட உலோகத்தில் புரை பார்க்கும் முறை

உலோக 3டி பிரிண்டிங் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உங்கள் கைக்கு ஓர் அறிக்கை வந்துவிடும். அதில் ‘அடர்த்தி 99.8 சதவீதம்’ என்று இருக்கும். கொடுப்பவர் பெருமையோடு கொடுப்பார், வாங்குபவர் நிம்மதியாக வாங்கி வைத்துக்கொள்வார். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன். மீதி 0.2 சதவீதம், அதாவது உள்ளே உலோகம் இல்லாத ஓட்டை, பாகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வடிவில் இருக்கிறது, இருப்பதில் பெரியது எவ்வளவு பெரியது? மூன்றுக்கும் அந்த எண்ணில் பதில் கிடையாது. பாகம் தாங்குமா உடையுமா என்பது இந்த மூன்றிலும்தான் இருக்கிறது.

வார்ப்புப் பட்டறைகளில் உள்ளே இருக்கும் ஓட்டையை ‘ப்ளோஹோல்’ என்பார்கள். நான் இங்கே ‘புரை’ என்று எழுதுகிறேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்துளை என்றும் குற்றம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. நமக்கு இரண்டுமே வேண்டும். கணக்குகளுக்கு டைட்டானியம்-64 என்ற கலவையை எடுத்துக்கொள்கிறேன். டைட்டானியத்தில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. விமானத்திலும் செயற்கை இடுப்பு மூட்டிலும் இதுதான் அதிகம்.

முதல் படி: இது வெல்டிங் என்று புரிந்துகொள்ளுங்கள்

2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட இன்ஜினை 3டி அச்சில் செய்து 665 விநாடி எரித்துச் சோதித்தது. பழைய வடிவமைப்பில் 14 பாகங்கள் இருந்தன, புதியதில் ஒன்றுதான். 19 வெல்டிங் இணைப்புகள் காணாமல் போயின. செய்தியைப் படித்த பலர் ‘வெல்டிங்கே இல்லாத இன்ஜின்’ என்று நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அது முழுக்க முழுக்க வெல்டிங்தான்: உலோகப் பவுடரை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் கோடு கோடாக உருக்கி ஒட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு என்று வளர்ப்பதுதான் இந்த முறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டைட்டானியம்-64க்குப் பலரும் பயன்படுத்தும் அமைப்பு ஒன்று: லேசர் 280 வாட், வேகம் விநாடிக்கு 1200 மி.மீ., அடுத்தடுத்த கோடுகளுக்கு இடைவெளி 0.14 மி.மீ., ஒரு அடுக்கின் தடிமன் 0.03 மி.மீ. இந்த அமைப்பில் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ள ஒரு கட்டியை அச்சிட்டால், சர்க்கரைக் கட்டி அளவுள்ள அந்த உலோகத்துக்குள் சுமார் 238 மீட்டர் நீள வெல்டிங் கோடு சுருண்டு கிடக்கும். பவுடர் பரப்பும் நேரத்தை விட்டுவிட்டால், லேசர் எல்லாவற்றையும் மூன்றரை நிமிடத்துக்குள் போட்டுவிடும். 238 மீட்டரில் ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கு தவறினாலும் அது உள்ளேயே புதைந்துவிடும். சாதாரண வெல்டிங்கில் தவறு மேலே தெரியும். இதில் அடுத்த அடுக்கு அதை மூடிவிடும்.

இரண்டாம் படி: புரையின் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணுங்கள்

மாதிரியை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் தொடக்கம். புதியவர்கள் செய்யும் தவறு, படுக்கைவசமாக மட்டும் வெட்டுவது. அடுக்குகள் எழும்பிய திசையோடு, அதாவது நெட்டுக்குத்தாக, ஒரு வெட்டாவது கட்டாயம் வேண்டும். ஏன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

நான் முதன்முதலில் அலுமினியக் கலவை மாதிரி ஒன்றை மெருகேற்றியபோது கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. பெருமையாகக் காட்டினேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “இன்னும் பத்து நிமிஷம் மெதுவா தேய்ச்சிட்டு வாப்பா” என்றார். தேய்த்துவிட்டுப் பார்த்தால் புரைகள் கண் திறந்திருந்தன. மென்மையான உலோகம் தேய்க்கும்போது இழுபட்டு ஓட்டையின் வாயை மூடிக்கொள்ளும். அழகாக இருக்கிறது என்பதற்காக மாதிரியை நம்பக் கூடாது.

புரைகளில் மூன்று குடும்பம் முக்கியம்.

ஒட்டாப் புரை. ஆங்கிலத்தில் ‘லாக் ஆஃப் ஃப்யூஷன்’ என்று கேட்டிருப்பீர்கள். வெப்பம் போதாமல் ஒரு கோடு பக்கத்துக் கோட்டோடோ கீழ் அடுக்கோடோ ஒட்டாமல் விட்ட இடம் இது. ஒழுங்கற்ற வடிவம், கூரிய மூலைகள், தட்டையான உடல். சில சமயம் உள்ளே உருகாத பவுடர் மணிகள் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும்; அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். இது அடுக்கின் தளத்திலேயே படுத்துக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அகலமான திட்டு, பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய பிளவு. நெட்டுக்குத்து வெட்டு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

கீஹோல் புரை. இது நேர் எதிர்: வெப்பம் கூடிப்போனதால் வருவது. லேசர் உலோகத்தை ஆவியாக்கி ஆழமான குறுகலான குழியைத் தோண்டுகிறது. குழி நிலையாக நிற்காமல் ஆடும்போது அதன் அடிப்பகுதி துண்டாகி, ஒரு குமிழ் உள்ளே சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் அதிவேக எக்ஸ்ரே கொண்டு இதை நேரடியாகப் படம் பிடித்து 2019இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், லேசர் உருக்கிய உலோகக் குட்டையின் அடியில் இருக்கும். லேசர் கோட்டின் முனையில் வேகம் குறைந்து திரும்பும் இடங்களில் அதிகம் வரும். அந்த முனைகள் பாகத்தின் ஓரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாயுப் புரை. சிறிய, சரியான உருண்டை. ஆர்கான் வாயுவைப் பீய்ச்சிப் பவுடர் தயாரிக்கும்போது மணிக்குள்ளேயே சிக்கிய வாயு ஒரு காரணம். அலுமினியக் கலவைகளில் பவுடர் ஈரம் பிடித்து அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் இன்னொரு காரணம். கடற்கரை ஊர்களில் பவுடர் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

காரணத்தைத் தேடும்போது எல்லோரும் முதலில் ஆற்றல் அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். லேசர் திறனை வேகம், கோட்டு இடைவெளி, அடுக்குத் தடிமன் மூன்றின் பெருக்கலால் வகுப்பது. மேலே சொன்ன அமைப்புக்கு கன மி.மீ.க்கு சுமார் 56 ஜூல் வரும். கைக்கணக்காக நல்லது, ஆனால் அதற்கு மேல் நம்பாதீர்கள். திறனையும் வேகத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் இதே 56தான் வரும். உருகும் குட்டையோ வேறு ஆளாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது 2017இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எளிய விதி. கோட்டு இடைவெளியைக் குட்டையின் அகலத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள். அடுக்குத் தடிமனைக் குட்டையின் ஆழத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள். இரண்டின் கூட்டல் 1க்குள் இருந்தால் ஒட்டாப் புரை வராது. குட்டை 0.18 மி.மீ. அகலம், 0.05 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால் கூட்டல் 0.97 வருகிறது. தப்பித்தோம். லேசர் வரும் கண்ணாடியில் புகை படிந்து ஆழம் 0.04 ஆகக் குறைந்தால் 1.17 ஆகிவிடும். திரையில் எல்லா எண்ணும் அதே எண்தான், மாறியது கண்ணாடியின் அழுக்கு. அதனால் ஒட்டாப் புரையைக் கண்டால் அமைப்பைத் திருத்துவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள், வாயு ஓட்டத்தைப் பாருங்கள், தெறித்த துளிகள் வாயு போகும் பக்கத்து மூலையில் விழுந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: அடர்த்தியை அளவிடுங்கள், ஆனால் அளவோடு நம்புங்கள்

ஆர்க்கிமிடீஸ் முறை மலிவானது: காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை. நம் 10 மி.மீ. கட்டி காற்றில் 4.43 கிராம் இருக்கும், தண்ணீரில் சுமார் 1 கிராம் குறையும். அந்த ஒரு கிராமில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் ஒரு சதவீதப் பிழை உட்கார்ந்துவிடும். மில்லிகிராமாவது காட்டும் தராசு வேண்டும். ஒட்டிக்கொண்ட ஒரு கன மி.மீ. காற்றுக் குமிழ் 0.1 சதவீதத்தை விழுங்கிவிடும். தண்ணீரின் வெப்பநிலையும் ஏமாற்றும்: 20 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.9982, 30 டிகிரியில் 0.9957. ஏசி இல்லாத அறையில் மே மாதம் எடை போட்டுவிட்டு, புத்தகத்தில் உள்ள 20 டிகிரி எண்ணைப் போட்டால் உங்கள் பாகம் கால் சதவீதம் நல்லதாகிவிடும்! 99.8 என்று எழுதியவர் தெர்மாமீட்டர் வைத்திருந்தாரா என்று கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த முறைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. 300 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம், 150 மைக்ரான் அகலம், 30 மைக்ரான் தடிமன் உள்ள நீள்வட்ட வடிவ ஒட்டாப் புரை ஒரே ஒன்றை அந்தக் கட்டிக்குள் வையுங்கள். கட்டியின் அடர்த்தி 99.99993 சதவீதம். எந்தத் தராசும் அதைப் பார்க்காது. ஆனால் அந்த ஒற்றைப் புரை என்ன செய்யும் என்பதை ஐந்தாம் படியில் பாருங்கள்.

நான்காம் படி: இழுத்துப் பார்க்கும்போது வலிமையை விட நீட்சியைக் கவனியுங்கள்

இழுவிசைச் சோதனையில் புரை பெரும்பாலும் அடக்கமாகத்தான் நடந்துகொள்ளும். உருண்டைப் புரையைச் சுற்றித் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, சுமார் இரண்டு மடங்காகிறது. ஆனால் அங்கே உலோகம் கொஞ்சம் இளகிக் கொடுத்துச் சமாளித்துவிடும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டைட்டானியம்-64 மாதிரிகளில் வேண்டுமென்றே புரையை உண்டாக்கிப் பார்த்தார்கள். வெப்பம் கூடியதால் வந்த புரை 1 சதவீதம் வரை இருந்தும் பெரிய பாதிப்பு இல்லை. வெப்பம் போதாமல் வந்த புரையோ அதே 1 சதவீதத்திலேயே இழுவிசை வலிமையையும் அயர்வு வலிமையையும் (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் வலிமை) கெடுத்துவிட்டது. சதவீதம் ஒன்று, விளைவு வேறு. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதுவே.

தட்டையான பிளவின் முனையில் ஏன் இப்படி? நீள்வட்ட ஓட்டையின் முனையில் தகைவு எத்தனை மடங்காகும் என்பதற்கு 1913இல் பொறியாளர் இங்லிஸ் கொடுத்த கணக்கு இருக்கிறது: நீளத்தை அகலத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வட்ட ஓட்டைக்கு 3. பத்துக்கு ஒன்று என்று தட்டையானதற்கு 21.

திசையையும் மறக்காதீர்கள். ஒட்டாப் புரை அடுக்குத் தளத்தில் படுத்திருப்பதால், அடுக்குகள் எழும்பிய திசையில் இழுத்தால் அது வாய் திறந்து நிற்கும்; அடுக்கோடு இழுத்தால் பேசாமல் படுத்திருக்கும். அதனால் நிமிர்ந்து அச்சான மாதிரியின் நீட்சி, அதாவது உடையும் முன் நீளும் அளவு, படுத்து அச்சான மாதிரியினதை விட மிகவும் குறைந்தால் ஒட்டாப் புரையைச் சந்தேகப்படுங்கள். படுத்த மாதிரியின் எண்ணை மட்டும் அனுப்புபவரிடம் நிமிர்ந்ததையும் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அயர்வுக் கணக்கைக் கையால் ஒருமுறை போடுங்கள்

கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறதே, அதன் தம்பிதான் அயர்வு. ஒருமுறை தந்தால் ஒன்றும் ஆகாத சுமை, லட்சம் முறை தந்தால் முறித்துவிடும். இங்கே புரை பிறவி விரிசல் மாதிரி. விரிசல் புதிதாகத் தோன்றவே வேண்டாம், வளர்ந்தால் போதும். சராசரிப் புரைகளுக்கு இதில் வேலை இல்லை, இருப்பதிலேயே மோசமான ஒன்றுதான் முடிவு செய்கிறது.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முரகாமி ஒரு சூத்திரம் தந்தார். உங்களுக்குத் தேவை இரண்டே எண்கள்: விக்கர்ஸ் கடினம் (வைர முனையை அழுத்திப் பார்த்து எடுக்கும் கடின அளவு), புரையின் பரப்பின் வர்க்கமூலம். இழுக்கும் திசையிலிருந்து பார்த்தால் புரையின் நிழல் எவ்வளவு பரப்பில் விழும் என்று எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காணுங்கள், மைக்ரானில். கடினத்தோடு 120ஐக் கூட்டி 1.43ஆல் பெருக்குங்கள். அதை அந்த வர்க்கமூலத்தின் ஆறாம் மூலத்தால் வகுங்கள். மேற்பரப்பில் உள்ள புரைக்கு, சுமை இழுப்பும் அமுக்கமும் சமமாக மாறி மாறி வரும்போது, அயர்வு எல்லை, அதாவது எத்தனை முறை தந்தாலும் உடைக்காத தகைவின் உச்சம், மெகாபாஸ்கலில் கிடைக்கும். புரை நன்றாக உள்ளே இருந்தால் 1.43க்குப் பதில் 1.56. இது முதலில் எஃகில் தேர்ந்த சூத்திரம்; டைட்டானியத்துக்குத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி இலக்கத்துக்காகச் சண்டை போடாதீர்கள்.

கடினம் 350 என்று வைப்போம். குறையே இல்லாத உலோகம் என்றால் கடினத்தின் 1.6 மடங்கு, அதாவது 560 மெகாபாஸ்கல் எதிர்பார்க்கலாம். மேற்பரப்பில் 50 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டைப் புரை இருந்தால் வர்க்கமூலம் 44, விடை சுமார் 358. மூன்றாம் படியில் தராசுக்குத் தெரியாமல் தப்பித்த அந்த 300க்கு 150 ஒட்டாப் புரை மேற்பரப்பில் இருந்தால், அடுக்குகள் எழும்பிய திசையில் இழுக்கும்போது வர்க்கமூலம் 188, விடை சுமார் 281. பாதிக்குப் பாதி போயிற்று. அதே புரையை அடுக்கின் திசையில் இழுத்தால் நிழல் 300க்கு 30தான், வர்க்கமூலம் 84, விடை சுமார் 321. அதே புரை நிமிர்ந்த பாகத்தில் நன்றாக உள்ளே இருந்தால் சுமார் 306. வடிவம், திசை, இடம் மூன்றும் ஒரே கணக்கில் எண்ணாகிவிட்டன பாருங்கள்.

ஆறாம் மூலம் என்பதால் ஓர் ஆறுதல் உண்டு: புரையின் நிழலுக்கு எடுத்த வர்க்கமூலம் இரட்டிப்பானால் வலிமை 11 சதவீதம்தான் குறையும். ஒரு கவலையும் உண்டு. சோதனைக் கம்பி சின்னது. பாகம் அதைப் போல நூறு மடங்கு இருக்கலாம். உலோகம் கூடக்கூட மோசமான புரை ஒன்று மாட்டும் வாய்ப்பும் கூடும். கம்பியில் பார்த்த மிகப் பெரிய புரை பாகத்தின் மிகப் பெரிய புரை அல்ல. பல கம்பிகளின் மிகப் பெரிய புரைகளை மட்டும் எடுத்து, உச்ச மதிப்புப் புள்ளியியல் கொண்டு பாகத்துக்கு நீட்டிப் பார்ப்பார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

மேற்பரப்பைப் பற்றி ஒன்று. அச்சில் வந்தபடியே இருக்கும் சொரசொரப்பான மேற்பரப்பில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு குறைதான். அங்கே உள்புரைக்கு முன்பே மேற்பரப்பு உடைத்துவிடும். சரி, கடைந்து வழவழப்பாக்கிவிடலாம் என்று லேத்தில் போட்டால் வேறு வம்பு. கோட்டு முனைகளில் கீஹோல் புரை வரும் என்று சொன்னேன் அல்லவா? மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக இருக்கும் அவற்றை நீங்களே தோல் உரித்து வெளியே கொண்டுவந்துவிடுவீர்கள். எவ்வளவு கடைவது என்று தீர்மானிக்கும் முன் ஒரு குறுக்கு வெட்டில் அந்த வரிசை எத்தனை மைக்ரான் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்; கடைசலை ஒன்று அதற்கு மேலேயே நிறுத்த வேண்டும், அல்லது அதைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

ஆறாம் படி: உடைந்த முகத்தைப் படியுங்கள்

மாதிரி உடைந்ததும் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டவே வேண்டாம். உடைந்த முகங்கள் உரசினால் சாட்சி அழிந்துவிடும். விரலாலும் தொடாமல் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், வரிகள் எல்லாம் எங்கிருந்து விரிகின்றன என்று பின்தொடர்ந்து போனால் தொடக்கப் புள்ளிக்கு வந்து சேர்வீர்கள். அங்கே உள்ள புரையின் பரப்பை அளந்து ஐந்தாம் படிக் கணக்கில் போட்டுச் சரிபாருங்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு பழக்கத்தில் வந்தது.

ஏழாம் படி: சி.டி. ஸ்கேன் எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்ரே சி.டி. வெட்டாமலே உள்ளே காட்டும். ஆனால் டிடெக்டரின் அகலத்தில் சுமார் 2000 புள்ளிகள் என்றால், 20 மி.மீ. பாகத்தில் ஒரு புள்ளி 10 மைக்ரான், 200 மி.மீ. பாகத்தில் 100 மைக்ரான். ஒரு புரையை நம்பிக்கையோடு சொல்ல மூன்று புள்ளியாவது தேவை. அப்படியானால் பெரிய பாகத்தில் 300 மைக்ரானுக்குக் கீழே உள்ளதெல்லாம் மங்கல்தான். மெலிந்த ஒட்டாப் புரை, அதாவது மிக ஆபத்தானது, முதலில் தப்பிக்கும். ‘சி.டி.யில் குறை இல்லை’ என்ற வரிக்குப் பக்கத்தில் புள்ளி அளவு எழுதப்படவில்லை என்றால் அந்த வரிக்குப் பொருள் இல்லை. பாகத்தோடு சேர்த்து அச்சுத் தட்டின் வெவ்வேறு மூலைகளில் சின்னச் சாட்சிக் கம்பிகளையும் அச்சிடச் சொல்லி, அவற்றை நுணுக்கமாக ஸ்கேன் செய்வது நடைமுறை வழி.

எட்டாம் படி: ‘ஹிப்’ செய்வதற்கு முன்

சூட்டையும் எல்லாப் பக்கத்து வாயு அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்து உள்புரையை நசுக்கி மூடும் முறையைத் துறையில் ‘ஹிப்’ என்பார்கள். பவுடர் படுக்கை முறையில் செய்த டைட்டானியம்-64க்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2924 தரக் குறிப்பில் உள்ளது 895 முதல் 955 டிகிரி செல்சியஸ், குறைந்தது 100 மெகாபாஸ்கல், இரண்டு முதல் நான்கு மணி நேரம். அயர்வு ஆயுள் நன்றாக ஏறும். அச்சானபோது இருந்த நுண்ணிய ஊசி அமைப்பு பருத்துவிடுவதால் இழுவிசை வலிமை கொஞ்சம் இறங்கும், நீட்சி கூடும். இந்த மாற்றத்தை வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேற்பரப்போடு திறந்திருக்கும் புரையை ஹிப் மூடாது. வாயு அதற்குள்ளும் போய்விடும், உள்ளும் புறமும் ஒரே அழுத்தம், பிறகு எதை நசுக்குவது? அலுமினியக் கலவையில் ஒட்டாப் புரையின் சுவரில் ஆக்சைடு படலம் இருந்தால் அமுங்கினாலும் சுவர்கள் சரியாக ஒட்டாது. ஸ்கேனில் மறைந்துவிடும், உலோகத்தில் இருக்கும். ஆர்கான் சிக்கிய வாயுப் புரை இன்னும் வேடிக்கை. ஆர்கான் டைட்டானியத்தில் கரையாது, நசுங்கிய இடத்திலேயே அழுத்தத்தோடு காத்திருக்கும். ஹிப் முடித்த பாகத்தை வேறு வெப்பச் சிகிச்சைக்காக அழுத்தம் இல்லாத உலையில் அதிகச் சூட்டில் வைத்தபோது, மூடிய புரைகள் அதே இடங்களில் மறுபடி வீங்கி வந்ததை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2016இல் சி.டி.யில் காட்டினார்கள். ஆகவே வெப்பச் சிகிச்சை வேண்டும் என்றால் அதை ஹிப்புக்கு முன்பே, அல்லது ஹிப் உலைக்குள் அழுத்தத்தோடே, முடிக்க முடியுமா என்று உலைக்காரரிடம் பேசுங்கள். அது முடியாத பாகத்துக்குக் கடைசி ஸ்கேனைக் கடைசிச் சூட்டுக்குப் பிறகு எடுங்கள்.